சாம்பார் வாளி சுற்றாத ஓட்டல்

ஓட்டல் மூடுவது ஒரே நாளில் நடந்துவிடும். அது கெடுவதற்குப் பல வருஷம் ஆகும். மூடிய நாளைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஷட்டரில் ஒட்டிய அறிவிப்பைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அதற்கு முந்தைய பத்து வருஷத்தை யாரும் எழுதி வைப்பதில்லை. மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு சைவ ஓட்டலைப் பற்றி அவ்வப்போது எழுதி வைத்தவை இவை. பெயர் வேண்டாம். நடத்திய குடும்பம் இன்னும் இதே பேட்டையில்தான் இருக்கிறது, நல்ல மனிதர்கள். நன்றாக இருந்த ஓர் ஓட்டல் எந்த வரிசையில் கெட்டது என்பதைப் பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

*

காலை ஐந்தரைக்கு ஷட்டர் பாதி ஏறும். பால் கேன் உள்ளே போகும். மாம்பலம் ஸ்டேஷனில் பீச் வண்டியோ தாம்பரம் வண்டியோ பிடிக்கப் போகிறவர்கள், அயோத்தியா மண்டபம் போய் வருகிறவர்கள், பேப்பர் போடும் பையன்கள் என்று ஆறு மணிக்கே மேஜைகள் நிறைந்துவிடும். முதல் ஈடு இட்லி இறங்கும் நேரம் அது. பதினொரு மணிக்கு டிபன் முடிந்துவிடும்; அதற்குமேல் கேட்டால் கிடையாது. சாப்பாடு இரண்டரை வரை. மூன்றரைக்கு மறுபடி போண்டாவும் காபியும். ராத்திரி ஒன்பதரைக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள்.

இந்த நேர ஒழுங்குதான் அந்த ஓட்டலின் பலம். அந்தந்த வேளைக்குச் செய்தது அந்தந்த வேளையில் தீர்ந்தது. பிற்பாடு எந்த நேரம் போனாலும் எல்லாமும் கிடைக்கும் என்று ஆனது. அப்போது எதுவுமே அப்போது செய்ததாக இல்லை.

*

சுவரில் ஒரு கரும்பலகை. இன்றைய ஸ்பெஷல் என்று மேலே பெயின்ட்டில் எழுதியிருக்கும். கீழே சாக்பீஸில் ஒன்றோ இரண்டோ அயிட்டம். வியாழக்கிழமை அடை, அவியல். வெள்ளி சாயந்திரம் கோதுமை அல்வா. ஞாயிறு காலை பூரி கிழங்கு. பலகையில் இல்லாத எதையும் யாரும் கேட்டதில்லை.

ஹாலுக்குப் பின்னால் மரத்தடுப்பு வைத்த குடும்ப அறை. பெண்கள் தனியாகவும் குழந்தைகளோடும் வந்து நிம்மதியாகச் சாப்பிட்ட இடம். எங்கள் அம்மா அந்த ஒரு ஓட்டலுக்கு மட்டும்தான் யார் துணையும் இல்லாமல் போவாள். கோயிலுக்குப் போய்விட்டு வருகிற வழியில் ஒரு காபி. ஐம்பது வயதுக்கு மேல் அவளுக்குக் கிடைத்த சின்ன சுதந்திரம் அது என்று இப்போது புரிகிறது.

*

வாளியைப் பற்றி விரிவாக எழுத வேண்டும்.

சர்வர்களில் மூத்தவர் ராமநாதபுரம் பக்கத்துக்காரர். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் துண்டு, இடது கையில் சாம்பார் வாளி, வலது கையில் கரண்டி. மேஜை மேஜையாகச் சுற்றிக்கொண்டே இருப்பார். தட்டில் சாம்பார் வற்றுகிற நேரத்தில் பக்கத்தில் நிற்பார். கேட்க வேண்டியதில்லை, வேண்டாம் என்றால்தான் தட்டின் மேல் கையை நீட்டி மறைக்க வேண்டும். குழந்தைகள் தட்டில் ஊற்றும்போது மட்டும் கரண்டியால் மேலாக எடுத்து, கொஞ்சம் ஆற்றி ஊற்றுவார். "சூடா இருக்கு பாப்பா, பார்த்து" என்பார். எனக்கு ஊற்றியவர், என் பெண்ணுக்கும் ஊற்றினார்.

வாளி சுற்றுவதென்றால் சாம்பார் நிறைய இருக்கிறது என்று அர்த்தம். கணக்குப் பார்க்கவில்லை என்று அர்த்தம். சாப்பிடுகிறவர் முகத்தைப் பார்க்க ஒரு ஆள் இருக்கிறார் என்றும் அர்த்தம். பிறகு வாளி போய், சின்னக் கிண்ணம் வந்தது. இரண்டாவது கிண்ணம் கேட்டால் கொண்டுவந்தார்கள், உண்மைதான். ஆனால் கேட்க வேண்டியிருந்தது. கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் பாதி இட்லியை வெறுமனே சாப்பிட்டுவிட்டு எழுந்தார்கள்.

*

இட்லி.

மாவு அரைப்பதற்கென்றே ஒரு பெரியவர் இருந்தார். மத்தியானம் ஒரு மணிக்கு வருவார். அரிசியும் உளுந்தும் காலையிலேயே ஊறப் போட்டிருக்கும். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. உளுந்தைத் தனியாக, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து அரைப்பார். கொல்லைப்பக்கம் வழியாகப் போகும்போது ஒருமுறை காட்டினார். விரலால் ஒரு சொட்டு உளுந்து மாவை எடுத்துச் சொம்புத் தண்ணீரில் விட்டார். மிதந்தது. "இப்படி மிதக்கணும்மா. முங்கிச்சுன்னா இன்னும் அரைக்கணும்" என்றார். அரிசியைக் கொஞ்சம் நொய்யாக விட்டு அரைத்து, உப்புப் போட்டு, முழங்கை வரை கையை மாவில் விட்டுக் கலப்பார். ராத்திரி முழுக்கப் பொங்க வேண்டும். மார்கழிக் குளிரில் பொங்காது என்று அண்டாக்களை அடுப்பங்கரைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிட்டுப் போவார். சித்திரையில் இரண்டு மணி நேரம் தள்ளி அரைப்பார். காலண்டரையும் வானத்தையும் பார்த்து மாவு அரைத்த மனிதர்.

2012 வாக்கில் கண் சரியில்லை என்று ஊருக்குப் போனார். அவர் இடத்துக்கு யாரையும் வைக்கவில்லை. கிரைண்டர்தானே அரைக்கிறது என்று நினைத்தார்கள். வேறு வேலைக்கு இருந்த பையன் சுவிட்சைப் போட்டுவிட்டு டேபிள் துடைக்க வந்துவிடுவான். உளுந்து சூடேறும். மாவு பொங்காத நாளில் சோடா உப்புப் போட ஆரம்பித்தார்கள். சோடா போட்ட இட்லி பார்க்கப் பெரிதாக, வெள்ளையாக இருக்கும், ஆறினால் ரப்பர். மதியம் வரை நாக்கில் ஒரு கரிப்பு நிற்கும்.

ஓட்டலில் முதலில் கெட்டது இட்லி. அப்போது கூட்டம் கொஞ்சமும் குறையவில்லை. அதனால் கெட்டது முதலாளிக்குத் தெரியவே இல்லை.

*

ருசி கெடுவதற்கும் கூட்டம் குறைவதற்கும் நடுவில் இரண்டு மூன்று வருஷ இடைவெளி உண்டு. பழக்கத்தில் வருகிறவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். வேறு ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்களைப் பெருமையாகக் கூட்டி வருவார்கள். சொந்தக்காரர்கள் மரியாதைக்கு நன்றாக இருக்கிறது என்பார்கள். அந்த இடைவெளியில் திருத்தியிருந்தால் திரும்பியிருக்கும். கல்லாவில் பணம் குறையாதபோது யார் திருத்துவார்கள்?

*

சரக்கு மாஸ்டர் பாலக்காட்டுக்காரர். ரசம், கூட்டு, அவியல், அடை எல்லாம் அவர் கை. 2014ல் மாசம் மூவாயிரம் ரூபாய் கூடக் கேட்டார். பெண்ணுக்குக் கல்யாணம் பார்க்கிறார் என்று சர்வர் சொன்னார். பேச்சு இழுத்தது. கடைசியில் ஒரு கல்யாண கான்ட்ராக்டரிடம் போய்ச் சேர்ந்தார். அதே சமயத்தில் வாசலில் புதிதாக எல்.இ.டி. போர்டு வைத்தார்கள். அதற்கு ஆன செலவில் மாஸ்டருக்குக் கேட்ட சம்பளத்தை இரண்டு மூன்று வருஷம் கொடுத்திருக்கலாம்.

போர்டு கண்ணுக்குத் தெரிகிற முதலீடு. மாஸ்டர் கண்ணுக்குத் தெரியாதவர். சாப்பிடுகிறவர் எவரும் அவரைப் பார்த்ததில்லை. ஆனால் வியாழக்கிழமை ஜனங்கள் வந்தது அவருக்காகத்தான். அவர் போன அடுத்த மாதமே பலகையில் அடை, அவியல் எழுதுவது நின்றது. சாக்பீஸ் தூளோடு அந்தப் பலகை இன்னும் ஆறேழு மாதம் வெறுமனே தொங்கியது.

*

பின்கட்டில் வேலைக்கு வந்தவர்கள் ஒடிசா, பீகார், அசாம் பையன்கள். ஓட்டல் கெட்டதற்கு இவர்களைக் காரணம் சொல்கிறவர்கள் உண்டு. அது அநியாயம். உடுப்பிப் பக்கத்திலிருந்து பதினாலு, பதினைந்து வயதில் சென்னைக்கு வந்து பாத்திரம் தேய்த்தவர்கள்தான் பிற்பாடு இந்த ஊருக்கு ஓட்டல் தொழிலைக் கற்றுக்கொடுத்தார்கள். வெளியூர்ப் பையன் கையில் ருசி வராது என்பது உண்மையானால் சென்னையில் சைவ ஓட்டலே இருந்திருக்காது. அந்தக் காலத்தில் பையன் கிளீனராகச் சேர்ந்து, டேபிள் துடைத்து, சப்ளைக்கு வந்து, மாவுக்குப் போய், கல்லுக்குப் போய், பத்து வருஷத்தில் மாஸ்டர் ஆனான். பக்கத்தில் நின்று சொல்லித்தர ஒருவர் இருந்தார். இந்தப் பையன்களுக்குச் சொல்லித்தர வேண்டியவரைத்தான் ஓட்டல் ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தது.

தோசைக் கல்லுக்கு நின்ற பையன் ஒருவன், கல் சூடு சரியாக இருக்கிறதா என்று தண்ணீர் தெளித்து விளக்குமாறால் பெருக்குவதை, தானே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டான். கடைசி வருஷங்களில் அந்த ஓட்டலில் நன்றாக இருந்த ஒரே பதார்த்தம் அவன் வார்த்த ரோஸ்ட்.

*

சாம்பார் கெட்டது 2015ல். தேதி சொல்ல முடிகிற கேடு இது. அந்த அக்டோபரில் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது. உளுந்தும் கூடவே ஏறியது. ஓட்டல்காரருக்கு அப்போது இரண்டு வழி: விலையை ஏற்றுவது, அல்லது பருப்பைக் குறைப்பது. விலையை ஏற்றினால் வாடிக்கையாளர் அன்றைக்கே சத்தம் போடுவார். பருப்பைக் குறைத்தால் யாரும் சத்தம் போட மாட்டார்கள். குறைத்தார்கள். பரங்கிக்காயைக் கரையவிட்டுக் கெட்டியாக்கினார்கள். அதுகூடப் பரவாயில்லை. பிற்பாடு மாவு கரைத்து ஊற்றினார்கள். சின்ன வெங்காயம் போய்ப் பெரிய வெங்காயம் வந்தது. தேங்காய்ச் சட்னியில் பொட்டுக்கடலை கூடிக்கொண்டே போய், கடைசியில் தேங்காய் வாசனை மட்டும் இருந்தது.

பருப்பு விலை அடுத்த வருஷங்களில் இறங்கியது. சாம்பார் பழையபடி ஆகவில்லை. விலை ஏறும்போது குறைக்கிற அளவு, விலை இறங்கும்போது திரும்பக் கூடுவதில்லை. இந்த ஒரு விஷயத்தைத் தொழிலில் இருக்கிற யாராவது மறுத்தால் சந்தோஷப்படுவேன்.

*

அந்தக் குடும்பத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதையும் எழுதிவைக்க வேண்டும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் மாம்பலத்தின் தாழ்வான தெருக்களில் தண்ணீர் நின்றது. ஸ்டோர் ரூம் மூட்டைகள் போயின. 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு. இருபது ரூபாய்க் காபிக்கு இரண்டாயிரம் ரூபாய் நோட்டை நீட்டினார்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி.; ஏ.சி. இல்லாத ஓட்டலுக்கு 12 சதவீதம், ஏ.சி. ஓட்டலுக்கு 18. நவம்பரில் 5 ஆகக் குறைத்தார்கள். ஆனால் வாங்கும் சரக்குக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதியை எடுத்துவிட்டார்கள். 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் தடை. பார்சல் செலவு கூடியது. அந்த வருஷக் கடைசியில் வெங்காயம் கிலோ நூறைத் தாண்டியது. 2021 நவம்பரில் 19 கிலோ வணிக சிலிண்டர் சென்னையில் 2,000 ரூபாயைத் தாண்டியது. இடையில் கொரோனா.

இத்தனை அடியையும் ஒரு நடுத்தர ஓட்டல் தாங்குவது கடினம். ஆனால் இதே அடிகள் எல்லா ஓட்டலுக்கும்தான் விழுந்தன. திருவல்லிக்கேணியில் 1948ல் தொடங்கிய ரத்னா கபேயில் இன்றைக்கும் இட்லி சாம்பாரில் மூழ்கித்தான் வருகிறது. மயிலாப்பூர் ராயர் மெஸ்ஸில் இன்றைக்கும் காலையில் இடத்துக்குக் காத்திருக்கிறார்கள். அங்கே அயிட்டங்கள் கொஞ்சம்தான், அவற்றை விட்டுக்கொடுக்கவில்லை.

*

கூட்டம் குறைய ஆரம்பித்ததும் முதலாளி பயந்தார். பயந்தவர் பின்கட்டுக்குப் போகவில்லை, முன்கட்டை மாற்றினார். குடும்ப அறையை இடித்து ஏ.சி. ஹால் ஆக்கினார். மார்பிள் மேஜைகள் போய் சோபா வந்தது. ஏ.சி.யில் அதே தோசைக்குப் பத்து ரூபாய் கூட.

மெனு கார்டு வந்தது. எட்டுப் பக்கம், லேமினேஷன் போட்டது. கோபி மஞ்சூரியன், பனீர் பட்டர் மசாலா, ஷெஸ்வான் பிரைடு ரைஸ், சீஸ் தோசை, பாவ் பாஜி. இத்தனைக்கும் காய் நறுக்கிப் புதிதாகச் செய்ய ஆள் கிடையாது. ஆகவே பெரிய ஃப்ரீசர் வந்தது. காலையில் செய்த கிரேவி ராத்திரியும், ராத்திரி மிஞ்சியது மறுநாளும். சின்ன வயதுக்காரர்களை இழுக்க இதெல்லாம் வேண்டும் என்று மகன் சொன்னாராம். சின்ன வயதுக்காரர்கள் மஞ்சூரியனுக்கு வேறு நல்ல இடம் வைத்திருந்தார்கள். இங்கே வந்தவர்கள் இட்லிக்காக வந்தவர்கள், அவர்களும் குறைந்தார்கள்.

*

கவனித்த அடையாளங்கள் சில. வேறு ஓட்டல்களிலும் சரிபார்த்திருக்கிறேன்.

சட்னி இரண்டாம் முறை வரும்போது நீர்த்து வருவது.

தண்ணீர் டம்ளர் மேஜையில் முன்கூட்டி வைக்காமல், கேட்டபிறகு வருவது. பிறகு "பாட்டிலா, சாதாரணமா?" என்று கேட்பது.

போர்டில் ஓர் எழுத்தின் விளக்கு எரியாமல் போய், மாதக்கணக்கில் அப்படியே இருப்பது.

சர்வர்கள் வாராவாரம் மாறுவது. வழக்கமாக வருகிறவருக்கும் மெனு கார்டு நீட்டப்படுவது.

கல்லாவில் இருப்பவர் தலை நிமிராமல் போனில் இருப்பது. பழைய முதலாளி, சில்லறை கொடுக்கும்போது தட்டை ஒரு பார்வை பார்ப்பார். மிச்சம் வைத்திருந்தால் ஏன் என்று கேட்பார்.

முதலாளி வீட்டுச் சாப்பாடு ஓட்டலிலிருந்து போகாமல், முதலாளிக்குச் சாப்பாடு வீட்டிலிருந்து வருவது. இதைவிடப் பெரிய அடையாளம் இல்லை.

*

காபியைத்தான் கடைசியில் விட்டார்கள். பழைய முதலாளிக்குக் காபியில் அபிமானம். பீபெரியும் பிளாண்டேஷனும் கலந்து, கண்ணெதிரே அரைத்து, சிக்கரி கொஞ்சமாகச் சேர்த்து வாங்குவார். பித்தளை பில்டரில் முதல் டிக்காஷன் இறங்கியதும் அதைத் தனியாக எடுத்துவைத்து, கூட்டநேரத்துக்குப் பயன்படுத்துவார்கள். இரண்டாம் டிக்காஷன் அதில் சேர்க்க மட்டும். பாலைத் திரும்பத் திரும்பக் காய்ச்ச மாட்டார்கள்.

அவர் காலமான பிறகு ஓட்டல் பங்காளிகளுக்குள் முறை வைத்து நடந்தது. ஒரு வருஷம் அண்ணன், ஒரு வருஷம் தம்பி. பாய்லர் பழுதானால் அடுத்த முறைக்காரர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். நல்ல தூள் வாங்கினால் லாபம் குறையும். பேர் கிடைப்பது அடுத்தவர் வருஷத்தில். சிக்கரி ஏறியது. நடுப்பகலில் மூன்றாம் முறை வெந்நீர் ஊற்றி இறக்கினார்கள். நிறம் கறுப்பாக இருக்கும், வாசனை இருக்காது.

காபி போனதும் காலைக் கூட்டம் போய்விட்டது. வாக்கிங் முடித்து வருகிற பெரியவர்கள் பக்கத்தில் புதிதாக வந்த, நின்று குடிக்கிற காபிக் கடைக்கு மாறினார்கள். அங்கே உட்கார இடமில்லை. முழங்கால் வலியோடு நின்றே குடித்தார்கள்.

*

பிறகு செயலி வந்தது. போனில் ஆர்டர், பைக்கில் டெலிவரி. முதலில் ஓட்டலுக்குப் புது ரத்தம் ஊறியது போலத்தான் இருந்தது. கல்லா மேல் ஒரு டேப்லட். டிங் என்று அடித்தபடி இருக்கும். அதில் கமிஷன் விற்பனையில் கால் பங்கு வரைகூடப் போகும். அதைச் சரிக்கட்டச் செயலியில் ஒரு விலை, ஹாலில் ஒரு விலை.

பணத்தைவிடப் பெரிய நஷ்டம் வேறு. திரையில் வரும் ஆர்டருக்கு நேரக் கெடு உண்டு. மேஜையில் உட்கார்ந்திருப்பவருக்குக் கிடையாது. ஆகவே கல்லில் வார்த்த தோசை முதலில் டப்பாவுக்குப் போனது. ஹாலில் இருப்பவர் காத்திருந்தார். டப்பாவுக்குள் ஆவியில் வியர்த்துப்போன தோசையை வீட்டில் பிரித்தவர், இந்த ஓட்டல் தோசை இவ்வளவுதான் என்று நினைத்தார். இரண்டு பேருக்கும் நல்ல தோசை கிடைக்கவில்லை. தோசையும் பூரியும் அடுப்பிலிருந்து தட்டுக்கு நடக்கிற தூரத்தில் சாப்பிட வேண்டியவை.

வெயிலில் ஹெல்மெட்டோடு வாசலில் நின்ற டெலிவரிப் பையன்களுக்கு அந்தப் பழைய சர்வர் மட்டும் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பார். யாரும் அவரிடம் சொல்லவில்லை.

*

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு. ஜூன் 8ஆம் தேதி பாதி இருக்கைகளோடு உட்கார்ந்து சாப்பிட அனுமதித்தார்கள். பத்து நாளில் சென்னை மறுபடி அடைபட்டது. ஊருக்குப் போன பையன்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. வாடிக்கையாளர்களில் சிலர் இல்லவே இல்லை. நாற்பது வருஷம் ஒரே மூலை மேஜையில் உட்கார்ந்த ரிட்டயர்ட் தபால்காரர் அந்த ஆண்டில் போனார். நலிந்திருந்த ஓட்டலைக் கொரோனா தள்ளிவிட்டது என்பது சரி. கொரோனாதான் கெடுத்தது என்பது சரியில்லை.

*

நல்ல நிலையில் மூடப்படுகிற ஓட்டல்களும் உண்டு. கதீட்ரல் சாலை வுட்லண்ட்ஸ் டிரைவ்-இன் அப்படி. 2008ல் மூடியபோது மரத்தடியில் கார்கள் நின்றுகொண்டுதான் இருந்தன. இடம் அரசிடம் போனது. 2010ல் அங்கே செம்மொழிப் பூங்கா வந்தது. அந்த ஓட்டலை நினைத்தால் வருத்தம் வருகிறது, கசப்பு வருவதில்லை. கடைசி நாள் வரை அது அதுவாகவே இருந்தது.

பெங்களூர் எம்.டி.ஆர். கதை இன்னும் ஒருபடி மேல். 1924ல் தொடங்கிய ஓட்டல். நெருக்கடி நிலைக் காலத்தில் அரசு உணவு விலையைக் குறைக்கக் கட்டாயப்படுத்தியது. அந்த விலைக்குத் தரத்தைக் குறைத்துத்தான் விற்க முடியும். குறைக்க மாட்டோம் என்று நஷ்டத்துக்கு விற்றார்கள், பிறகு கடையை மூடினார்கள். பொடியும் மிக்ஸும் விற்று நின்று, 1984ல் மறுபடி திறந்தார்கள். தரம் இறங்குவதைவிட ஷட்டர் இறங்குவது மேல் என்று ஒருவர் முடிவெடுக்க முடியும் என்பதற்கு இது சாட்சி.

இன்னொன்று, இந்தியன் காபி ஹவுஸ். 1950களில் காபி போர்டு தன் காபி ஹவுஸ்களை மூடத் தீர்மானித்தபோது, வேலை இழந்த தொழிலாளர்கள் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் துணையோடு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். முதல் சங்கம் 1957ல் பெங்களூரில். முதலாளி வேண்டாம் என்றபோது, பரிமாறியவரும் காபி போட்டவரும் சேர்ந்தால் அதுவே ஓட்டல் என்று நிரூபித்தார்கள். இன்றைக்கும் பல ஊர்களில் நடக்கிறது.

*

எங்கள் ஓட்டலில் ஒருவர் மட்டும் வாய்விட்டுச் சொன்னார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். பில் கட்டும்போது கல்லாவில் நின்று, "தம்பி, சாம்பார்ல பருப்பே இல்லையேப்பா. விலையை வேணா ரெண்டு ரூபா ஏத்திக்கோ. பருப்பைப் போடு" என்றார். முறையில் இருந்த தம்பிக்காரர் முகம் சிவந்தது. ஆனால் மறுநாள் சாம்பார் கெட்டியாக, வாசனையாக வந்தது. இரண்டு மூன்று வாரம் அப்படியே இருந்தது. பிறகு வாத்தியார் மகனோடு அமெரிக்கா போய்விட்டார். சாம்பார் நீர்த்தது.

சொன்னால் நடக்கிறது என்பதற்கு இந்தப் பேட்டையில் நான் கண்ட சாட்சி அது. மற்றவர்கள் என்ன செய்தார்கள்? வராமல் நின்றார்கள். சில பேர் போனில் ஒரு நட்சத்திரம் போட்டு நாலு வரி எழுதினார்கள். முன்பின் தெரியாத உலகத்துக்கெல்லாம் சொன்னதை, தினமும் முகம் பார்த்த மனிதரிடம் யாரும் சொல்லவில்லை.

*

2023ல் மூடினார்கள். இப்போது அங்கே மருந்துக் கடை. மூத்த சர்வர் பரமக்குடிப் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார். ரோஸ்ட் வார்த்த பையன் வேளச்சேரியில் ஒரு ஓட்டலில் கல்லுக்கு நிற்கிறான். இப்போது அவனை மாஸ்டர் என்று கூப்பிடுகிறார்கள்.

வரிசையை ஒரு தடவை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். முதலில் போனது ஆட்கள். அடுத்து ருசி. அடுத்து வாடிக்கை. கடைசியில் பணம். நடத்தியவர்கள் பணம் போனபிறகு விழித்து, வாடிக்கையைப் பிடிக்க ஹாலை மாற்றினார்கள். ஆட்கள் வரைக்கும் அவர்கள் திரும்பிப் போகவே இல்லை. ஓட்டல் நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்வேன்: உங்கள் மாவு அரைக்கிறவரையும் சரக்கு மாஸ்டரையும் தக்கவைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பக்கத்தில் ஒரு பையனை நிறுத்திக் கற்றுக்கொள்ள விடுங்கள். போர்டு பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சாப்பிடுகிறவர்களுக்கும் ஒன்று. உங்கள் தெருவில் உங்களுக்குப் பிடித்த ஓட்டல் இன்னும் இருந்தால், நன்றாக இருக்கிற நாளில் சமையல்கட்டு வரை கேட்கும்படி நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள். சரியில்லாத நாளில் பில்லைக் கட்டிவிட்டு, மரியாதையாக, அவர் முகத்தைப் பார்த்து, சரியில்லை என்று சொல்லுங்கள். விலை இரண்டு ரூபாய் ஏறினால் கொடுங்கள். சொல்லாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள்.